‘ஏதுமில்லை’ என்ற அந்த வரியைத் திருத்துங்கள்: ஓர் ஆய்விதழுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கும் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம்.

சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கான ஒரு மாத்திரையைச் சோதித்த ஆய்வைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை குறித்து நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களும் உங்களிடம் இருக்கின்றன. எந்தக் கட்டுரை, எந்த மாத்திரை, எந்த டாக்டர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் ஆதியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. போன வாரம் நீங்கள் அனுப்பிய பதில்தான் இதை எழுத வைத்தது. இரண்டே வாக்கியம். கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்டீர்களாம். தனக்கு நலன் முரண், அதாவது ஆய்வின் முடிவைச் சாய்க்கக்கூடிய பண உறவு, ஏதுமில்லை என்று அவர் உறுதி செய்துவிட்டாராம். ஆகவே புகார் முடித்துவைக்கப்படுகிறதாம்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். நீங்கள் ஒரு படி மேலே போய், பால் குறைகிறதே என்று பூனையிடமே விசாரித்து, அது இல்லையென்று தலையாட்டியதும் கோப்பை மூடிவிட்டீர்கள்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், நன்றிக்குக் கீழே, பொடி எழுத்தில் ‘நிதி உதவி: இல்லை. நலன் முரண்: ஏதுமில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. அது உண்மையில்லை. தயவுசெய்து அதைத் திருத்துங்கள்.

நான் டாக்டர் இல்லை. வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்குப் பக்கம் கட்டித் தரும் கம்பெனியில் காப்பி எடிட்டர். சென்னையில் இந்த வேலையில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறோம். அதனால் அந்த வரி எப்படிப் பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டுரையில் நலன் முரண் பற்றி எதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கு ஒரு கேள்வி, நாங்கள் சொல்லும் ஆத்தர் குவெரி, போடுவோம்: ‘ஏதுமில்லை என்று சேர்த்திருக்கிறோம், சரிதானா பார்க்கவும்.’ பெரும்பாலும் ‘ஓகே’ என்று ஒரே சொல்லில் திரும்பி வரும். டெம்ப்ளேட்டில் தயாராக இருக்கும் வரி அது. கன்ட்ரோல் வி அடித்தால் வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை அடித்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. என் அம்மா பங்கெடுத்த ஆய்வின் கட்டுரையில் அதைப் பார்க்கும்வரை, நின்று படிக்க வேண்டிய வரியாக அது எனக்குத் தோன்றியதே இல்லை. என் பங்கு வெட்கமும் இதில் உண்டு.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினாறு வருடம். ராத்திரியில் பாதம் எரியும். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, வெறும் சிமெண்டுத் தரையில் காலைப் பதித்தபடி படுத்திருப்பார். கால் எரிச்சலுக்குப் புது மாத்திரை வந்திருக்கிறது, இலவசம், ஆறு மாதம் வந்து போனால் போதும் என்று ஓ.பி.யில் சொன்னார்கள். சரி என்றுவிட்டார்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அந்தக் கேட்டைப் பற்றி இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். ஒரு கூட்ஸ் போனதும் திறப்பார்கள் என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணினால், எதிர்த் தடத்தில் இன்னொன்று நத்தை மாதிரி வரும். ரத்தம் எடுக்கும் நாளில் முந்தின ராத்திரி எட்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. காலை எட்டுக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். நான்காவது விசிட் அன்று ஷேர் ஆட்டோவில் கேட்டில் மாட்டிக்கொண்டோம். அம்மாவுக்குக் குப்பென்று வியர்த்தது. விரல் நடுங்கியது. ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிட, முந்தானை முடிச்சில் இரண்டு மில்க் பிக்கீஸ் வைத்திருந்தார். “சாப்பிடும்மா” என்றேன். “சாப்ட்டா டெஸ்டு கெட்டுப்பூடும்டா, மறுபடி ஒரு நாள் வரச் சொல்லுவாங்க” என்றவர், முடிச்சைக் கையில் பிடித்தபடியே என் தோளில் சரிந்தார். பக்கத்து டீக்கடைக்காரர் டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நேரம் தாண்டிவிட்டது, சர்க்கரைத் தண்ணீர் வேறு உள்ளே போய்விட்டது, ஆகவே இன்றைய விசிட் கணக்கில் வராது என்றார் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். போக்குவரத்துப் படி 300 ரூபாயும் அன்று கிடையாது. மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்தே தலை சுற்றுகிறது என்று அம்மா சொன்னார். “வெயில்மா, தண்ணி நிறைய குடிங்க.” பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை, நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அம்மா போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

கட்டுரையில் கட்டம் கட்டமாக ஒரு படம் போட்டிருக்கிறீர்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்று. அதில் ஓரமாக ஒரு சின்னக் கட்டம்: ‘தொடர்பு விட்டுப்போனவர்கள்’. பக்கவிளைவு தாங்காமல் நின்றவர்களுக்கென்று தனிக் கட்டமே இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “நான் எங்கடா பூட்டேன்? இங்கதானே கீறேன்” என்றார். அதே வீடு, அதே செல்போன் எண்.

சரி, அதுகூட இந்த மடலின் விஷயமில்லை. விஷயம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அம்மா எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடமாட்டார். எல்.ஐ.சி. ரசீது, அப்பாவின் ஹார்பர் பாஸ், எங்கள் தடுப்பூசி அட்டை எல்லாவற்றுக்கும் நடுவே, ஆய்வில் சேரும்போது கொடுத்த தகவல் தாளும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தமிழில்தான். இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி: மாத்திரைகளையும் ஆய்வுச் செலவையும் இன்ன நிறுவனம் ஏற்கிறது, ஆய்வு நடத்தும் மருத்துவருக்கு அந்த நிறுவனம் கட்டணம் வழங்குகிறது. அம்மாவின் கோணல் கையெழுத்தும் டாக்டரின் கையெழுத்தும் கீழே ஜோடியாக இருக்கின்றன.

அஞ்சாங்கிளாஸ் படித்த ஒரு பெண்ணிடம் தமிழில் ஒப்புக்கொண்ட விஷயத்தை, எம்.டி. படித்த உங்கள் வாசகர்களிடம் இங்கிலீஷில் இல்லை என்கிறார்கள். நீங்களும் அச்சடித்திருக்கிறீர்கள்.

தகவல் தாளை நம்ப வேண்டாம், நான் ஜோடித்திருக்கலாம். கட்டுரையின் முதல் பக்கத்தில் நீங்களே ஒரு பதிவு எண்ணை அச்சடித்திருக்கிறீர்களே, அதை நம்பலாம் அல்லவா? இந்தியாவில் இப்படிப்பட்ட மருந்துப் பரிசோதனை ஆய்வுகளைத் தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அந்த எண்ணைப் பதிவேட்டின் தேடல் பெட்டியில் போட்டேன். ‘முதன்மைப் புரவலர்’ என்ற இடத்தில் அதே நிறுவனத்தின் பெயர். இரண்டு நிமிட வேலை. அச்சுக்கு முன் கட்டுரையைப் படித்துச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளர்களும் செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை, என் மூன்று மின்னஞ்சலுக்குப் பிறகும் யாரும் செய்யவில்லை.

கம்பெனிக் காசு வாங்கினாலே பாவம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி செலவழிக்காவிட்டால் பாதி மருந்துகள் பரிசோதனைக்கே வராது. ஆனால் காசு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், படிக்கிறவர் அதற்கேற்ற ஜாக்கிரதையோடு படிப்பார். கம்பெனி நிதியில் நடக்கும் ஆய்வுகளின் முடிவுகள் கம்பெனிக்குச் சாதகமாகவே அதிகம் சாய்கின்றன என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 மீளாய்வு சொல்கிறது. 1967-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் மூவர், இதயநோயில் கொழுப்பின் பக்கம் கைகாட்டிச் சர்க்கரையின் மீதிருந்த சந்தேகத்தைத் தணித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்காகச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு அவர்களுக்கு 6,500 டாலர் கொடுத்திருந்தது. கட்டுரையில் அது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்து அம்பலமானது 2016-இல். சர்க்கரைக்காரி வீட்டுப் பிள்ளையாக அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

பெயரைச் சொன்னால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. வயாக்ஸ் என்ற வலிமாத்திரையின் கதை உங்களுக்குத் தெரியும். 2000 நவம்பரில் அதே நியூ இங்கிலாந்து இதழில் வந்த அதன் ஆய்வில், தயாரித்த மெர்க் கம்பெனியின் பெயர் ஒளிக்கப்படவில்லை. மூன்று மாரடைப்புகள்தான் கணக்கிலிருந்து விடுபட்டிருந்தன. 2004 செப்டம்பரில் மாத்திரையே சந்தையிலிருந்து போனது. இதழ் தன் கவலையை வெளியிட்டது 2005 டிசம்பரில். இதற்கிடையே அந்தக் கட்டுரையின் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மறுபிரதிகளை இதழ் விற்றிருந்தது, பெரும்பாலும் மெர்க்குக்கே. மருந்துக் கம்பெனிக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் ஆதாயம் இருக்கும் என்பதில்லை, பத்திரிகைக்கும் இருக்கும். உங்கள் இதழிலும் கட்டுரை வெளியிடக் கட்டணம் உண்டு. அதை யார் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும்போல் இருக்கிறது.

ஆரம்பித்ததும் ஆரம்பித்தேன், இதையும் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று டாக்டர்களைத் துரத்துகிறார்கள். துரத்தப்பட்டவர்களுக்காகவே கடை விரித்த இதழ்கள் ‘மாண்புமிகு பேராசிரியரே’ என்று எனக்குக்கூட மெயில் அனுப்புகின்றன, பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன் நான், இதயவியல் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்கிறார்கள். டாக்டர்களுக்குத் தங்கக் காசும் ஃப்ரிட்ஜும் டி.வி.யும் வெளிநாட்டுப் பயணமும் கொடுத்த சென்னை மருந்துக் கம்பெனி ஒன்று, அந்தச் செலவுக்கு வருமான வரிக் கழிவு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் முடியாது என்றது. ஃப்ரிட்ஜ் கொடுத்ததில் வெட்கமில்லை, அதற்கு வரிச்சலுகை வேறு வேண்டியிருந்திருக்கிறது! அமெரிக்காவில் எந்த டாக்டர் எந்தக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினார் என்பதை 2014 முதல் யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இங்கே அப்படி ஒன்று கிடையாது. அதனால் எங்களுக்கு மிஞ்சுவது உங்கள் இதழின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்து மட்டும்தான். அதுவும் பொய்யென்றால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மன்னிக்கவும். கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன்.

இதே ஊரில்தான் 1956-இல் காசநோய்க்கான ஆய்வு மையம் ஆரம்பித்தார்கள். சானடோரியத்தில் படுக்கப் போடாமல், நெரிசலான வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று சென்னையின் ஏழை நோயாளிகளை வைத்துக் காட்டினார்கள். 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அது வெளியானது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. மதராஸ் அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து நடத்திய ஆய்வு அது என்பதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் ஆய்வுக்கு உடம்பைக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அந்த வரியைத் திருத்துங்கள். கட்டுரையை நீக்கச் சொல்லவில்லை, டாக்டரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. யார் செலவு செய்தார்கள், டாக்டருக்கு அந்த நிறுவனத்தோடு என்ன உறவு என்று ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுங்கள். நீங்கள் பின்பற்றுவதாக உங்கள் இதழிலேயே போட்டிருக்கும் கோப் (ஆய்விதழ்களுக்கான வெளியீட்டு நெறிக் குழு) நெறிமுறையிலும், கட்டுரையாளர் மறுத்தால் அதோடு விட்டுவிடச் சொல்லவில்லை. எல்லா ஆதாய உறவுகளையும் எழுத்தில், கையெழுத்தோடு வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். சர்வதேச மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர் குழுவின் படிவம் கடந்த 36 மாதத்து உறவுகளைக் கேட்கிறது. அந்தப் படிவத்தை அவரிடம் வாங்கியிருந்தால் வெளியிடுங்கள். வாங்கவில்லையென்றால் அதையாவது சொல்லுங்கள். முடிந்தால், சிரமம் பார்க்காமல், இனிவரும் கட்டுரைகளில் அந்த வரியைத் தலைப்புக்குக் கீழேயே கொண்டுவாருங்கள். பக்கம் கட்டுகிறவனாகச் சொல்கிறேன், டெம்ப்ளேட்டில் அரை மணி நேர வேலைதான் அது.

தகவல் தாளின் நகலை நான்காவது முறையாக இணைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி. மஞ்சள் கோடு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையிலிருந்து உங்கள் வாசகன்

பி.கு.: ‘தொடர்பு விட்டுப்போனவர்கள்’ கட்டத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால், ஆய்வுப் பதிவில் உள்ள எண்தான். பகலில் கூப்பிட்டால் எடுப்பார். மதியம் இரண்டு மணிக்கு மேல் தூங்குவார். ராத்திரியில் கால் எரிச்சலில் தூக்கம் வருவதில்லை.