ஐந்து சேர்வர், மூன்று வேலை: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமார், தம்பிமாருக்கு,

கொழும்பிலிருந்து வணக்கம். ஐந்து லினக்ஸ் சேர்வர்களின் நிலையைப் பிரவுசரிலேயே பார்க்கச் செலவில்லாத வழியொன்று தேடியபோது உதவிய உங்களுக்கு இந்த மடல். யார் என்ன சொன்னீர்கள் என்று விவரமாக எழுதினால் அடுத்துத் தேடுபவருக்கும் பயன்படும்.

முதல் நன்றி வெள்ளவத்தை அண்ணாவுக்கு. “எந்தக் கருவி நல்லது?” என்ற கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. “இப்ப நடக்கிறதைப் பாக்கவோ, போன கிழமை நடந்ததைப் பாக்கவோ, விழுந்தால் போனுக்குச் செய்தி வரவோ?” என்று திருப்பிக் கேட்டார். மூன்றும் வேறு வேறு வேலை. முதலாவதற்கு நெட்டேட்டா போதும். நிறுவியதும் 19999ஆம் போர்ட்டில் (சேர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலில்) விநாடிக்கு விநாடி வரைபடம் ஓடும். இரண்டாவதற்கு, அளவீடுகளைச் சேமிக்கும் புரொமீதியஸும் அவற்றை வரைபடமாக்கும் கிரஃபானாவும். மூன்றாவதற்கு, சேர்வரைத் தட்டிப் பார்த்துச் செய்தி அனுப்பும் அப்டைம் கூமா. ஸபிக்ஸ் மூன்றையும் ஒன்றாகச் செய்யும்தான். ஆனால் தனி டேட்டாபேஸோடு அதை ஐந்து சேர்வருக்காக நிறுவுவது, கலியாண அண்டாவில் இரண்டு பேருக்குத் தேத்தண்ணி வைப்பது மாதிரி.

டிஸ்க் போதுமா என்ற பயத்தைக் கொட்டாஞ்சேனைத் தம்பி கணக்குப் போட்டே தீர்த்தார். ஐந்து சேர்வர், ஒவ்வொன்றுக்கும் 1,000 தொடர்கள் (சிபியூ, மெமரி போலத் தொடர்ந்து அளக்கப்படும் எண்கள்), 15 விநாடிக்கு ஒரு அளவீடு, புரொமீதியஸ் வழக்கமாக வைத்திருக்கும் 15 நாள்: மொத்தம் 43.2 கோடி அளவீடுகள். ஒன்றுக்கு 2 பைட் என்றால் 864 எம்பி. 90 நாள் வைத்தாலும் 5 ஜிபியை ஒட்டித்தான் வரும்.

எச்சரிக்கை விதிகளைத் திருத்திய அக்காவுக்குத்தான் பெரிய கடன். “மெமரி குறைவு” என்ற விதி ‘ஃப்ரீ’ எண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் கோப்புகளின் கேஷுக்கு (வேகத்துக்காக வைக்கும் பிரதிகளுக்கு) எடுத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பித் தரும். 8 ஜிபியில் ஃப்ரீ 300 எம்பி என்று காட்டினாலும் ‘அவைலபிள்’ 5 ஜிபி இருக்கலாம். பார்க்கவேண்டியது இரண்டாவது எண்ணை. டிஸ்க்குக்கு 90 சதவீதம் என்ற கோட்டையும் அக்கா எடுத்துவிட்டார். கடைசி 6 மணிநேரப் போக்கை வைத்து, அடுத்த 4 மணிநேரத்தில் நிரம்புமா என்று கணிக்கும் விதி இப்போது அந்த இடத்தில். கூடவே ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் பதிவு) எண்ணிக்கைக்கும் ஒரு விதி: சின்னச் சின்னக் கோப்புகள் குவிந்தால், இடம் மிச்சமிருக்கும்போதே “இடமில்லை” என்ற பிழை வரும்.

வாடகை விபிஎஸ்ஸின் (ஒரு பெரிய கணினியைப் பலர் பங்கிடும் மெய்நிகர் சேர்வரின்) மந்தத்துக்கு விஎம்ஸ்டாட் கட்டளை காட்டும் ‘எஸ்டி’ நிரலைப் பார்க்கச் சொன்னவருக்கும் நன்றி. அது ஏறி நின்றால், நம் மெஷினுக்குச் சேரவேண்டிய சிபியூ நேரம் அதே ஹோஸ்டில் (அந்தப் பெரிய கணினியில்) இருக்கும் மற்றவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். உள்ளே எதைத் திருத்தினாலும் பலனில்லை. வேறு ஹோஸ்டுக்கு மாற்றித் தரும்படி கேட்பதுதான் வழி.

வெளியிலிருந்து போர்ட்டுகளைச் சோதித்துப் பார்த்த தம்பி இல்லாவிட்டால் கூமாவின் பக்கம் ஊருக்கே திறந்து கிடந்திருக்கும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வோலில் கூமாவின் 3001ஆம் போர்ட் மூடியிருந்தது. ஆனால் கூமாவை ஓட்டும் டொக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) திறந்துவிடும் போர்ட் அந்த விதிகளைத் தாண்டிப் போய்விடும். ‘3001:3001’ என்ற வரியை ‘127.0.0.1:3001:3001’ ஆக்கி (அந்தச் சேர்வருக்குள்ளிருந்து மட்டும் திறக்கும்), எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற மறையாக்கிய இணைப்பு வழியாகப் பார்ப்பதே சரி. சேர்வரின் அளவீடுகளைப் புரொமீதியஸுக்குக் கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரின் 9100ஆம் போர்ட்டுக்கும் வழக்கமாகப் பாஸ்வேர்ட் கிடையாது என்பதை மறக்கவேண்டாம்.

காலை 5.30க்கு டிஸ்க் துள்ளுவதன் மர்மத்தை உடைத்தவருக்கு ஒரு தேத்தண்ணி பாக்கி. சேர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது; அதன் நள்ளிரவு பேக்கப் நமக்கு விடியற்காலை. கிரஃபானா பிரவுசரின் நேரத்தைக் காட்டும், லொக் கோப்போ யுடிசியைக் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்தரை மணிநேரம் இடிக்கும்.

கடைசியாக, யாழ்ப்பாணத்து வீட்டில் பழைய மினி பிசியை எங்களுக்காக ஓடவிட்ட ஐயாவுக்கு. கூமாவை அது கண்காணிக்கும் சேர்வரிலேயே வைத்தால், சேர்வர் விழும்போது செய்தி அனுப்பவேண்டியதும் சேர்ந்தே விழும். இப்போது அது உங்கள் வீட்டிலிருந்து 60 விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கிறது. வீட்டு இணையம் அடிக்கடி விட்டு விட்டு வருவதால் செய்தி அனுப்புமுன் செய்யும் மறுமுயற்சியை 3 ஆக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் கரண்ட் போனால் தெரியவேண்டும் என்று கொழும்பில் இன்னொரு கூமா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டியின் கரண்ட் பில்லை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள், ஐயா.

அன்புடன்,
சேர்வர் பார்க்கும் பிள்ளைகள், கொழும்பு