வன்னிக் கிராமங்களின் சுகாதார நிலையங்களை நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

தை பிறந்தால் காலபோக அறுவடை. வயலுக்குள் இறங்கும் சனத்தைப் புடையன் பாம்பு தீண்டுவதும் இந்தக் காலத்தில் கூடும். விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டதா என்று பார்க்க நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு சுலபமான சோதனை உண்டு. கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் குழாய் பிளாஸ்டிக் என்றாலோ, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவியது என்றாலோ நல்ல இரத்தமும் உறையாது. அப்போது தேவையில்லாதவருக்கு மருந்து ஏறும். அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைத் தரக்கூடியது.

இது அனுபவப்பட்ட தாதிக்குத் தெரியும். குழாய் கழுவும் சிற்றூழியருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். கொள்வனவுப் பட்டியல் எழுதுகிறவருக்குத் தெரியுமா? அவரிடம் இதைச் சொல்ல ஒரு கூட்டமாவது நடக்கிறதா? என் கேள்வி இதுதான்.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வன்னியில் காய்ச்சலோடு கிடந்து எழும்பிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். வீடு வீடாக மருந்தடித்தவர்களும் இரத்தம் எடுத்தவர்களும் எந்தக் குளக்கரையில் நுளம்பு பெருகும், எந்த வாடியில் வெளியூர்க் கூலியாட்கள் தங்குவார்கள் என்று அறிந்து வைத்திருந்ததற்கு அதில் பெரிய பங்குண்டு.

எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களும் அப்படித்தான். ஒட்டுசுட்டானின் உட்பக்கத்திலோ துணுக்காயிலோ எந்த நாளில் கிளினிக் வைத்தால் கர்ப்பிணிகளுக்கு பஸ் கிடைக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். அறுவடை மாதத்தில் பிறஷர், சீனி நோயாளர் ஏன் வருவதில்லை என்று மருந்து கொடுப்பவரைக் கேளுங்கள். அதற்கு முதல் மாதமே கூடுதல் நாட்களுக்கு மருந்து கொடுக்கலாம் என்பார். அவர் மறுவருடம் இடமாற்றமாகிப் போனால் அந்த யோசனையும் அவரோடு போய்விடுகிறது. மனதுக்கு வேதனையாக இருக்கிறது.

ஆகவே, வருடாந்த மருந்துத் தேவையை மதிப்பிடுவதற்கு முன் தாதி, மருந்தாளர், குடும்பநல உத்தியோகத்தர், சிற்றூழியர் எல்லாரையும் ஒரு மேசையில் இருத்திக் கேளுங்கள். சிற்றூழியரை விட்டுவிட வேண்டாம். இடமாற்றம் பெறுகிறவர் புதியவரோடு ஒரு கிழமையாவது சேர்ந்து வேலை செய்த பிறகே விடுவியுங்கள். அடுத்த அறுவடைக்கு முன், கண்ணாடிக் குழாய்கள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு நிலையத்திலும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு நோயாளர் நலன்புரிச் சங்க உறுப்பினர்