எங்கள் ‘ஊரி’க்கும் ஒரு அலுமாரி தாருங்கள்

நூதனசாலைகளுக்குப் பொறுப்பான மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பில் ஓர் இயற்கை வரலாற்று நூதனசாலை வேண்டும் என்று முன்பும் எழுதியிருக்கிறோம். அந்தக் கடிதங்கள் உங்கள் கோவையில் இருக்கும். ஆகவே பழைய கதையை விட்டுவிட்டு, போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். வாவிக்கரைப் பாடசாலை ஒன்றில் ஆய்வுகூடத்தைத் திருத்தினார்கள். பழைய அலுமாரியில் இருந்த, உயிரின மாதிரிகள் போட்டுவைத்த போத்தல்களைப் ‘பாவனைக்கு உதவாதவை’ என்று எழுதி, உழவு மிசின் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள். பழைய மாணவன் ஒருவன் கோல் எடுத்துச் சொன்னான். ஓடிப்போனேன். உடைந்த கண்ணாடியும் போமலின் மணமும்தான் மிச்சம். கடற்குதிரை ஒன்று மண்ணில் காய்ந்து கிடந்தது. கையில் எடுத்ததும் வால் உதிர்ந்தது.

அவை எனக்குப் படிப்பித்த சேர் சேர்த்தவை. ஒவ்வொரு போத்தலிலும் இடம், திகதி, பிடித்தவர் பெயர் மூன்றையும் இந்தியன் மையால் எழுதி ஒட்டியிருப்பார். சிட்டை இல்லாவிட்டால் அது வெறும் செத்த மீன் என்பார். எனக்குக் கிடைத்தது ஒரேயொரு சிட்டை: ‘பாசிக்குடா, 1974’. அது ஒரு பவளத் துண்டின் சிட்டை. 1998இல் கடல் சூடேறி இலங்கைக் கரையோரப் பவளங்கள் வெளுத்துச் செத்தன. அதற்கு 24 வருடம் முன்பு பாசிக்குடாக் கடலில் என்ன இருந்தது என்று காட்ட எங்களிடம் இருந்த சாட்சி அந்தத் துண்டு. புதிதாக வாங்கி வைக்கக்கூடிய சாமானா அது?

இன்னொரு போத்தலில் வாவிக்கரைக் கல்லடியில் எடுத்த ஊரி, அதாவது ஓட்டு நத்தை, இருந்தது. 1848இல் ஆங்கிலேய ஆட்சியின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் நிலா வெளிச்சத்தில் வாவியில் தோணியில் போய், நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டபோது, ‘பாடுவது இதுதான்’ என்று நமது மீனவர்கள் காட்டியது ஊரியைத்தான். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. மீன்பாடும் தேன்நாடு என்று வளைவிலும் பலகையிலும் எழுதுகிறோம். அந்த ஊரியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் நாங்கள் எங்கே கூட்டிப்போவது?

கொழும்பு நூதனசாலை 1877இல் திறந்தது. இயற்கை வரலாற்றுக்கென்று தனி நூதனசாலை 1986இல் அங்கேயே வந்தது. நல்லது, நாட்டுக்கு வேண்டியதுதான். ஆனால் இங்கிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரெயினில் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை, காசில்லை. வந்தவர்களில் ஒரு பிள்ளை, கரைவலைக்காரரின் மகள், கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சேர், நம்மட வாவிக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

56 கிலோமீற்றர் நீளமான வாவி, அதன் கரையெல்லாம் கண்ணா மரம், உள்ளே முதலையும் இறாலும். தெற்கே போனால் கல்லோயாக் குளத்தில் தீவுக்குத் தீவு நீந்தும் யானை, குமணை வில்லு என்ற சதுப்புக் குளத்தில் கூடுகட்டும் நாரை. இவ்வளவு இருக்கிற மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு அறை இல்லை. யுத்தத்தில் எவ்வளவோ போனது. 2004இல் கடல் வந்து இன்னும் கொண்டுபோனது. அவற்றுக்கு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. இப்போது போனது ஒரு கையொப்பத்தால் போயிருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் எதையும் இடிக்க ஒரு நாள் போதும், ஒரு கடிதத்துக்குப் பதில் வர வருடக்கணக்காகும். கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொய் எழுதவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. வெள்ளம் ஏறாத ஒரு அறை, போத்தல்களுக்குக் காலத்துக்குக் காலம் மதுசாரம் மாற்றத் தெரிந்த ஒருவர், ஒரு பதிவேடு. சிட்டைகள் தமிழிலும் இருக்க வேண்டும். அதை மட்டக்களப்பில் தாருங்கள்.

அது வரும்வரை, பழைய மாதிரிகளை உங்களிடம் அறிவிக்காமல் வீசக்கூடாது என்று பாடசாலைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புவியுங்கள். எனக்குத் தெரிந்து இன்னும் இரண்டு பாடசாலைகளில் இப்படி அலுமாரிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் வரும் விடுமுறையில் திருத்தவேலை தொடங்குகிறது. அதற்கு முன் உங்களில் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அலுமாரியைத் திறந்து காட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
மட்டக்களப்பு