தொண்டை கட்டினால் மேடை ஏறாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டை கட்டினாலும் மிளகுப்பாலைக் குடித்துவிட்டுப் பாடப் போகிறார்கள் என் மாணவிகள். எனக்குப் பதறுகிறது. 2011இல் பிரிட்டிஷ் பாடகி அடெலுக்குக் குரல் நாணில் (தொண்டையில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பில்) ரத்தம் கசிந்தது. நிகழ்ச்சிகளை ரத்து செய்தார், பாஸ்டனில் லேசர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார், சில வாரங்கள் பேசாமலே இருந்தார். 2012 பிப்ரவரியில் கிராமி இசை விருது மேடையில் மீண்டும் பாடினார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 1997இல் செய்த அறுவை சிகிச்சைக்கு அப்புறம் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ் பாடும் குரலையே இழந்தார்.

குரலை அளவுக்கு மீறி வருத்துவதால் வரும் குரல் நாண் முடிச்சுகள் (சின்னத் தடிப்புகள்) பெரும்பாலும் ஓய்விலும் குரல் பயிற்சியிலுமே குறைந்துவிடும். கரகரப்பு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பாதிப் பாட்டில் திடீரென்று குரல் போனால் அன்றைக்கே போங்கள். அதுவரை கிசுகிசுக்கக்கூட வேண்டாம்.

– ஒரு பாட்டு ஆசிரியை, கும்பகோணம்