மகளுக்கு, பனங்கட்டி ஸ்டவுட் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நீ வீட்டில் காய்ச்சக் கேட்ட ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் பற்றி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். மெல்பனில் குளிர் தொடங்கிவிட்டது, காய்ச்ச நல்ல காலம். அறை 18 முதல் 20 பாகைக்குள் நின்றால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும்.

பனங்கட்டி, தேங்காய், ஏலக்காய், கோப்பி எல்லாம் ஒரே தடவையில் போடப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் பிள்ளை. முதலில் பனங்கட்டி மட்டும். அது என்ன செய்கிறது என்று உன் நாக்குக்குத் தெரியட்டும்.

20 லீட்டருக்கு வெளிர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) 4.5 கிலோ, ஓட்ஸ் அரைக் கிலோ, வறுத்த பார்லி 450 கிராம். வறுத்த பார்லியைக் குறைக்காதே. முளைகட்டாத பார்லியைக் கறுக்கக் கறுக்க வறுத்தது அது. கின்னஸ் ஸ்டவுட்டின் நிறமும் கோப்பிக் கசப்பும் அதிலிருந்துதான் வருகின்றன. எல்லாவற்றையும் 67 பாகைச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடித்து, இன்னொரு மணி நேரம் கொதிக்கவிடு. கொதி வந்ததும் கோல்டிங்ஸ் ஹொப்ஸ், அதாவது பியருக்குக் கசப்புத் தரும் பூ, 50 கிராம்.

கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது பனங்கட்டி அரைக் கிலோ. கட்டியாகப் போட்டால் அடிப்பிடிக்கும். வெந்நீரில் கரைத்து, துணியில் வடித்து ஊற்று. டண்டினோங் பக்கம் இலங்கைக் கடைகளில் பார். சீனி கலக்காததாக வாங்கு.

சாறு இறக்கப் பனையில் முட்டி கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். பூசாவிட்டால் பாளையிலிருந்து இறங்கும் சாறு முட்டியிலேயே புளித்துக் கள்ளாகிவிடும். பூசினால் கருப்பநீராக இனிப்போடு நிற்கும், அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி. அப்படி ஈஸ்டிடமிருந்து காப்பாற்றி எடுத்த இனிப்பை நாம் திரும்ப ஈஸ்டுக்கே கொடுக்கிறோம். அதனால் பியர் இனிக்கும் என்று எதிர்பார்க்காதே. பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ் என்ற சாதாரண சீனி, ஈஸ்ட் அதை அநேகமாக முழுதும் தின்றுவிடும். மதுசாரம் கூடும், வாயில் கனம் குறையும். ஓட்ஸ் சேர்ப்பது அதை ஈடுகட்டத்தான். மிஞ்சுவது வாசம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்து வளர்ந்த எனக்கு அந்த வாசத்துக்காகவே இவ்வளவு பாடும் படலாம் என்று தோன்றுகிறது. உனக்கு இனிப்பும் வேண்டுமென்றால், பியர் ஈஸ்டால் தின்ன முடியாத லாக்டோஸ் என்ற பால் சீனி 300 கிராம் சேர்.

தேங்காய் அடுத்த தடவைக்கு. அதிலுள்ள எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும், பொன்னிறமாக வறுத்து, தாளில் ஒற்றி எடுத்து, ஈஸ்டின் புளிப்பு வேலை முடிந்த பிறகுதான் போட வேண்டும். ஏலக்காய் இரண்டு மூன்றுக்கு மேல் போனால் பாயசம் மணக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.065 அளவில் தொடங்கி 1.015 பக்கம் வந்து நிற்கும். மூன்று நாள் ஒரே எண் காட்டினால்தான் போத்தலில் அடை. அடைக்கும்போது வாயு உண்டாகப் போடும் சீனி மொத்தம் 110 கிராம், அதற்கு மேல் ஒரு கரண்டியும் வேண்டாம். புளிப்பு முடியாமல் அடைத்தால் போத்தல் வெடிக்கும். கண்ணாடி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. தடித்த பியர் போத்தலாகவே எடு, மூடியுள்ள பெட்டிக்குள் வை. கொதித்து ஆறிய பிறகு தொடும் ஒவ்வொரு சாமானையும் கிருமிநாசினியில் நனைத்தெடு.

அடைத்த பிறகு ஒரு மாதமாவது விடு. அம்மா லண்டனிலிருந்து வரும்போது ஓர் ஆறு போத்தல் மிச்சம் வை. அவள் ஸ்டவுட் குடிப்பதில்லை, ஆனால் இதை ருசி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஹைட்ரோமீட்டர் எண்களைப் படம் எடுத்து அனுப்பு, அடைக்கலாமா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா