எட்டு போடத் தெரிந்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தினமும் சென்னை ஜி.எஸ்.டி. சாலையில் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறவன் நான். ரோட்டுச் சண்டை பற்றி உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது செய்தி வருகிறது, யார் யாரை அடித்தார், எந்த ஸ்டேஷனில் வழக்கு என்பதோடு முடிந்துவிடுகிறது. வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தக் கோபத்தை எப்படி அடக்குவது என்று யாராவது எழுதினால் என்ன என்று தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம்.

கோபம் வரக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று ஒடிக்கிற கார், ஆள் ஏற்ற நடு ரோட்டிலேயே நிற்கிற ஷேர் ஆட்டோ, ராங் சைடில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவர், சிக்னல் பச்சையாவதற்குள் பின்னாலிருந்து ஹாரன். மே மாத வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கும்போது இதில் ஒன்றே போதும். உரசினால் காருக்குப் பெயின்ட் போகும், நமக்குக் கை கால் போகும். அந்த பயம்தான் அடுத்த நொடியே கோபமாக மாறுகிறது என்று நினைக்கிறேன்.

கட் அடித்தவர் போய்விடுவார், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கப்புறம் நாம் துரத்துகிறோமே, அங்கேதான் உயிர் போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பைக் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். கார் ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இரண்டு நொடி ஓட்டினால் முன்னால் பள்ளமா, குறுக்கே யாராவது வருகிறார்களா, எதுவும் தெரியாது. கண் எங்கே நிலைக்கிறதோ பைக்கும் அந்தப் பக்கமே இழுக்கும், காரையே முறைத்தால் காரை நோக்கியே போகும். கோபத்தில் கை ஹேண்டில்பாரை இறுக்குகிறது, தோள் விறைக்கிறது, தேவைக்கு மேல் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறோம், திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் முன் பிரேக்கை மொத்தமாகப் பிடித்துவிடுகிறோம். மணலோ மழை ஈரமோ இருந்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் வண்டியில் இல்லையென்றால் முன்சக்கரம் வழுக்கி ஆள் கீழே. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை, அதில் சுமார் 44 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இப்படிப்பட்ட வண்டியில் உட்கார்ந்துகொண்டு யாரோடு மல்லுக்கட்டுவது?

குரோம்பேட்டை பக்கம் ஒரு சாயங்காலம் பார்த்தேன். ஒருவர் பைக்கைக் காருக்குக் குறுக்கே நிறுத்தி சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு, டிரைவர் பக்கக் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்து "இறங்குடா வெளியே" என்று கத்துகிறார். பைக்கில் பின் சீட்டில் அவர் மனைவி, டேங்க் மேல் ஸ்கூல் யூனிஃபார்மோடு பையன், ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்க்கிறான். பக்கத்தில் பஸ்ஸும் லாரியும் உரசுகிற மாதிரி போகின்றன. "வாங்க போலாம், வாங்க போலாம்" என்று அந்த அம்மா சொன்னது அவர் காதில் விழவே இல்லை. நியாயம் அவர் பக்கமே இருந்திருக்கட்டும், அதற்காக அவர்களை நடு ரோட்டில் அப்படியா விடுவது?

ரோட்டுத் தகராறு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு முன்னாள் கிரிக்கெட் வீரரும் அரசியல்வாதியுமான நவ்ஜோத் சிங் சித்துவின் வழக்கு போதும். 1988 டிசம்பரில் பஞ்சாபின் பாட்டியாலாவில் அவருக்கு நடந்த ரோட்டுத் தகராறில் 65 வயதுக்காரர் ஒருவர் இறந்துபோனார். காயப்படுத்திய குற்றத்துக்காக சித்துவுக்கு உச்ச நீதிமன்றம் ஓராண்டு கடுங்காவல் விதித்தது 2022 மே மாதத்தில்.

யாராவது கட் அடித்தால் நான் முதலில் செய்வது ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி அவரைப் போகவிடுவது. மூச்சை வாயால் நீளமாக விட்டு, தோளை இறக்கி, இடது கை விரல்களை ஒருமுறை விரித்து மடக்கினால் பிடி தளரும், பிடி தளர்ந்தால் பாதிக் கோபம் இறங்கும். அடுத்த சிக்னலில் அவர் பக்கத்தில் போய் நிற்பதில்லை. இன்னும் கொதித்தால் ஓரமாக ஒரு டீக்கடை. தப்பு நம்முடையது என்றால் கையைத் தூக்கி ஒரு சாரி, எதிராளி அதிலேயே அடங்கிவிடுவார். அப்படியும் யாராவது பின்தொடர்ந்து மிரட்டினால் நேராக வீட்டுக்குப் போய் வீட்டைக் காட்டிக்கொடுக்காதீர்கள், ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்தி 112-க்கு போன் போடுங்கள்.

இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்துக்குப் போனால் சாலைக் குறியீடுகளைக் கேட்கிறார்கள், அப்புறம் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். அந்தத் தேர்வுக்கு முன் அரை மணி நேரமாவது இதைப் பற்றி அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரைப் பேச வைக்கப் போக்குவரத்துத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: நாள் முழுக்க நேரத்தோடு மல்லுக்கட்டி ஓட்டுகிற டெலிவரி தம்பிகள் சிலரிடம், எரிச்சல் வரும்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் போடுங்கள். என்னைவிட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை