அமாவாசை ராத்திரி நீங்களும் வாங்க

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன மாசம் எட்டாவதுல விண்வெளி பாடம் நடத்தும்போது ஒரு பையன்கிட்ட, வீட்ல யாருக்காச்சும் நட்சத்திரம் பாத்து திசை சொல்லத் தெரியுமாப்பான்னு கேட்டேன். "எங்கப்பா கடலுக்குப் போறவரு சார், அவருக்கு இதெல்லாம் தெரியாது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். எனக்கு அன்னைக்கு முழுக்க மனசே சரியில்ல, ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி அவன் தாத்தா வெள்ளியப் (கடல்ல நட்சத்திரத்துக்கு அதான் பேரு) பாத்துத்தான கரை சேந்திருப்பாரு, அந்த வீட்டுப் பிள்ளையே இப்படிச் சொல்லுதே.

அதான் இந்த லெட்டர். வர்ற அமாவாசை ராத்திரி 7.30ல இருந்து 10 மணி வரை ஸ்கூல் கிரவுண்ட்ல வானம் பாக்கப் போறோம், பரீட்சையும் முடிஞ்சிரும், மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால விசைப்படகுக்குப் போற அப்பாமாரும் கரையிலதான் இருப்பீங்க. அமாவாசையில பிள்ளைய வெளிய அனுப்பவான்னு ரெண்டு மூணு அம்மாமார் கேட்டாங்க, நிலா வெளிச்சம் இருந்தா மங்கலான நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாதும்மா, அதுக்காகத்தான் அந்த நாள். பொம்பளப் பிள்ளைங்களுக்கு டீச்சர்மார் கூடவே இருப்பாங்க, நீங்களும் வந்தா இன்னும் நல்லது.

டெலஸ்கோப் எதுவும் இல்ல, வெறும் கண்ணு போதும். கைய நேரா நீட்டி முஷ்டி பிடிச்சா அது வானத்துல சுமார் 10 டிகிரி. நம்ம மண்டபம் ஊர்ப் பக்கம் பூமத்திய ரேகையில இருந்து வடக்க 9 டிகிரி சொச்சத்துல இருக்கு, அதனால துருவ நட்சத்திரம் வடகடலுக்கு மேல கிட்டத்தட்ட ஒரு முஷ்டி உயரத்துலதான் நிக்கும். டெல்லியில நின்னு பாத்தா அதே நட்சத்திரம் மூணு முஷ்டி உயரத்துல இருக்கும். ஒன்பது மணி வாக்குல தென்கடல் பக்கம் திரும்புனா தெற்குச் சிலுவை நாலு நட்சத்திரமும் நல்லாத் தெரியும், டெல்லிக்காரங்களுக்கு அது அடிவானத்தை ஒட்டி, பாக்குறதே கஷ்டம். நம்ம பிள்ளைங்க ஒரே கிரவுண்ட்ல நின்னு ரெண்டையும் பாக்கலாம், இது எவ்வளவு பெரிய குடுப்பினைன்னு அதுங்களுக்குத் தெரியணும்.

விண்வெளி நமக்கு தூரத்து விஷயம்னு நினைக்காதீங்க. 1963 நவம்பர் 21ல இந்தியாவுல இருந்து விண்வெளிக்கு முதல் ராக்கெட் கெளம்புனது கேரளாவுல தும்பாங்கிற மீனவ கிராமத்துல, அங்க இருந்த சர்ச்சுதான் அப்ப ஆபீசு, அந்த வேலையில இருந்த கலாம் ஐயா ராமேஸ்வரத்துல படகு வச்சிருந்தவரோட பிள்ளை. இப்ப நம்ம விசைப்படகுல மாட்டியிருக்க டிரான்ஸ்பாண்டரும் (படகு இருக்க இடத்தைக் காட்டி சேதி அனுப்புற கருவி) இஸ்ரோ உருவாக்குனதுதான், செல்போன் டவர் எட்டாத கடல்லயும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்கிற செயற்கைக்கோள் வழியா சேதி போகும். எல்லை தாண்டிருவாரோன்னு ராத்திரி எல்லாம் பயந்துகிட்டு உக்காந்திருக்க அம்மாமாருக்கு இதோட அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஒரே ஒரு உதவி கேக்குறேன். புத்தகத்துல இருக்க பேரு எங்களுக்குத் தெரியும், நீங்க கடல்ல சொல்ற பேரு தெரியாது. எந்த வெள்ளி எந்த மாசம் எப்ப எந்திரிக்கும், எதைப் பாத்து படகைத் திருப்புவீங்க, எல்லாத்தையும் பிள்ளைங்க கேட்டு நோட்டுல எழுதிக்கப் போறாங்க. வயசான தாத்தாமார் நடந்து வர முடியலைன்னா சொல்லி அனுப்புங்க, அவங்க இருக்க இடத்துக்கே நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன்.

டார்ச் கொண்டு வந்தா முன்னாடி சிவப்பு பேப்பர் ஒட்டிக்கோங்க, செல்போன் லைட் வேண்டாம், கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்